ஏழாம் வகை

மனிதர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் ஏழு வகையாகப் பிரித்துவிடலாம். பிரித்தவள் நான்தான். ஒன்று கோபம், இரண்டு கிண்டல், மூன்று துதி, நான்கு பிரார்த்தனை, ஐந்து வதந்தி, ஆறு மிரட்டல். இந்த ஆறிலும் சேராத குப்பைக்கு ஏழு. யாரோ ஒருவர் எழுதிய வரியைப் படிக்க வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் ஓர் எண் போட வேண்டும். இருபது வருஷமாக என் பிழைப்பு இதுதான்.

என் பெயர் இனாஸ். கெய்ரோவில் அரசியல் அறிவியல் பேராசிரியை. வயது ஐம்பத்து நான்கு. லட்சத்து எண்பதாயிரம் வரிகள் படித்திருக்கிறேன். முதல் பத்தாயிரம் வரைக்கும் அழுகை வந்தது, சிரிப்பு வந்தது, ராத்திரி தூக்கம் கெட்டது. அப்புறம் எண் மட்டும் வந்தது. என் தங்கை தொலைபேசியில் அழுதால்கூட, மூன்றாவது வாக்கியத்துக்குள் இது ஒன்றா நான்கா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அவளுக்கு அது தெரியும். இப்போதெல்லாம் அவள் என்னிடம் அழுவதில்லை.

ஏழாம் வகைக்கு வகுப்பில் நான் சொல்லிவந்த உதாரணம் மாணவர்களிடையே பிரசித்தம். என் புத்தகத்துக்கென்று வைத்திருந்த முகநூல் பக்கத்துக்கு யாரோ அனுப்பிய செய்தி அது. 'டாக்டரம்மா, 143ஆம் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள். தயவுசெய்து தாமதிக்காதீர்கள்.' அனுப்பியவரின் பெயர் இல்லை, படம் இல்லை. "இது கோபமா? இல்ல. கிண்டலா? இல்ல. குறி சொல்றாரா, புதையல் இருக்கிற இடத்தைக் காட்டுறாரா? தெரியாது. போடு ஏழு" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். மூன்று வருஷம் அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டேன்.

என் உத்தியோகக் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். வலைப்பூக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று நான் போய் நின்றபோது, எங்கள் துறைத் தலைவர், "காப்பிக்கடையில பேசுறதை கம்ப்யூட்டர்ல பேசினா அதுக்குப் பேரு அரசியலா? உனக்குக் கல்யாணம் ஆகலைங்கிறதுக்காக இப்படியா நேரத்தைப் போக்குவே?" என்றார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்த அரசியல் அமைச்சரவைப் பட்டியலோடு முடிந்துவிடும். பிறகு ஒரு ஜனவரியில், ஆட்சியை எதிர்த்து இணையத்தில் கூடிய கூட்டத்தால் கெய்ரோவின் சதுக்கம் நிரம்பியது. அதே மனிதர் தொலைக்காட்சிக்காரர்களை அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, "இவளை நான்தான் ஊக்குவிச்சேன்" என்றார். இரண்டு வருஷம் விமானத்திலேயே குடித்தனம் நடத்தினேன். ஐரோப்பாவில் யாராவது ஒரு கூட்டம் போட்டால், மேடையில் ஒரு நாற்காலி எனக்கு. அப்புறம் அந்த நாற்காலிகளை மடக்கி வைத்துவிட்டார்கள். ஆட்சியின் பிடி மறுபடியும் இறுகி, கேள்வித்தாள் அச்சடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. என் பாடத்தின் பெயர் 'மின்னாளுகை' என்று மாறியது. ரேஷன் அட்டையை இணையத்தில் புதுப்பிப்பது எப்படி என்பதைவிட இரண்டு அங்குலம் மேலே இருக்கும் ஒரு பாடம். வருஷா வருஷம் நடத்துகிறேன். யாரும் கேள்வி கேட்பதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை.

மிச்சம் இருப்பது அந்தப் புத்தகம்தான். சதுக்கம் நிரம்பிய வருஷக் கோடையில், ஆட்சியை எதிர்த்த பெரிய பெரிய முகநூல் பக்கங்களை மறைவில் நின்று நடத்தியவர்கள் நாற்பது பேரை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதினேன். யார் பெயரையும் போடவில்லை. முதலாம் நபர், இரண்டாம் நபர் என்று நாற்பது வரை எண்தான். எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியல் ஒரே ஒரு பிரதி. அரக்கு வைத்த உறையில், என் அறை இரும்பு அலமாரியில், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. சாவி என் கைப்பையில். இதற்கென்று மாநாடுகளில் என்னைப் புகழ்ந்தார்கள். பேட்டி கொடுத்தவர்களை எப்படிக் காப்பாற்றுவது என்று இளையவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

போன மாசம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் துறைச் சிப்பந்தி ஃபத்ஹி மாமா கதவைத் தட்டி, யாரோ ஒருவர் தந்தா ஊரிலிருந்து வந்திருப்பதாகவும் பெயர் சொல்ல மாட்டேன் என்கிறார் என்றும் சொன்னார். உள்ளே வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையின் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தார். முன்பல் ஒன்று இல்லை.

"நான்தான் பதினேழு" என்றார்.

முகம் ஞாபகம் வரவில்லை, எண் வந்தது. பதினேழாம் நபர். மருந்துக்கடைக்காரர். மூன்று லட்சம் பேர் பின்தொடர்ந்த பக்கம். பெயர் ஹாஸெம். தந்தாவில் ரயிலடிக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் மூன்று மணி நேரம் பேசினார். பேச்சு முழுக்க மருந்துக்கடைப் பேச்சு. அப்போது எல்லாப் பல்லும் இருந்தது.

ஃபத்ஹி மாமாவிடம் இரண்டு காப்பி சொன்னேன். ஹாஸெம் தன் கதையைச் சொன்னார். விலைவாசி சொல்வதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னால் கடையிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ஐந்து வருஷம் உள்ளே. வெளியே வந்தபோது கடை மனைவி பெயரில் இருந்தது, அதில் சம்பளமில்லாத ஆளாக உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்தை நடத்தியவர் அவர்தான் என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். ஒன்று, கூடச் சேர்ந்து நடத்திய லுத்ஃபி, கணக்கு வாத்தியார், சின்ன வயசுச் சிநேகிதன். இன்னொன்று நான்.

லுத்ஃபியையும் நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், முதுகை மட்டும். பேட்டி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஹாஸெமும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் கடைசி வரைக்கும் மன்றாடினாராம். ஹாஸெம் கேட்கவில்லை என்றதும், அதே காப்பிக்கடையில் வேறு மேசையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் தேநீர் குடித்தார். சிநேகிதனைத் தனியாக விட்டுப் போக மனசில்லை.

"என்னைத் தூக்கினாங்க, அவனைத் தொடக்கூட இல்ல. அது எப்படி டாக்டரம்மா?" என்றார் ஹாஸெம். "உள்ள வச்சுக் கேட்டப்பகூட அவன் பேரை நான் சொல்லல. இந்தப் பல்லு அதுக்குத்தான் போச்சு."

அவர் உள்ளே இருந்த ஐந்து வருஷமும் லுத்ஃபி அவர் மகள் நூர்ஹானுக்குக் காசு வாங்காமல் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பண்டிகைக்குப் பண்டிகை வீட்டுக்கு இறைச்சி அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் ஹாஸெம் வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று. வெளியே வந்த நாளிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த லுத்ஃபியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லுத்ஃபி கடைக்கு எதிரே வந்து வந்து நின்று பார்த்துவிட்டுப் போவாராம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் இறந்துபோனார்.

இப்போது லுத்ஃபியின் மகன் நூர்ஹானைப் பெண் கேட்கிறான். நூர்ஹானும் அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"காட்டிக் கொடுத்தவன் வீட்டுக்கு நான் பொண்ணைக் கொடுக்க முடியாது. ஆனா புள்ள நாலு நாளா வாயைத் திறக்கல, தண்ணி வேணும்னாக்கூட எழுதிக் காட்டுறா. அதான், அவனைக் குத்தவாளின்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு வந்தேன். என் பேரை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லை" என்றேன். அது உண்மை. எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து உறையைக் காட்டினேன். அரக்கு உடையவில்லை. அதுவும் உண்மை. அவர் அரக்கை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்போ லுத்ஃபிதான்" என்று எழுந்தார். எனக்கு நன்றி சொன்னார். நான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினேன். ஃபத்ஹி மாமா வந்து, விருந்தாளி காப்பியைத் தொடவே இல்லை என்று குறைபட்டுக்கொண்டு கோப்பையை எடுத்துப் போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அதை அன்றைக்குச் செய்தேன். எப்படிப்பட்ட பூசணிக்காய் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், மெரிஹான் என்று ஒரு மாணவி என்னிடம் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பில் எல்லாரும் சிரித்தபோது சிரிக்காதவள். அந்த ஏழாம் வகைச் செய்தி சொன்னதை வீட்டுக்குப் போய் நிஜமாகவே செய்து பார்த்திருக்கிறாள். என் புத்தகத்தின் 143ஆம் பக்கத்தில் பதினேழாம் நபர் சொன்னதாக ஒரு வாக்கியம் இருக்கிறது. 'காலாவதியான மாத்திரையும் பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். அட்டையைத் திருப்பித் தேதியைப் பாருங்கள்.' ஆட்சியைப் பற்றிச் சொன்னது. அருமையான வாக்கியம், ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டிருந்தேன். மெரிஹான் அதைத் தேடல் பெட்டியில் போட்டாள். முதலில் வந்தது ஒரு பழைய வலைப்பூ. தந்தாவில் ஒரு மருந்துக்கடைக்காரர், தன் சொந்தப் பெயரில், கடை வாசலில் நின்று எடுத்த படத்தோடு, பல வருஷத்துக்கு முன்னால் வாடிக்கையாளர்களுக்காக எழுதியது. அதே வாக்கியம். அங்கே அது மாத்திரையைப் பற்றியது மட்டும்.

மனிதனுக்கு வாய்ப்பழக்கம் என்று ஒன்று உண்டு. நல்லதாக ஒரு வாக்கியம் அமைந்துவிட்டால் போகிற இடமெல்லாம் சொல்வான். நான் அவர் பெயரை மறைத்தேன், வாக்கியத்தை மறைக்கவில்லை. பக்கத்தின் பெயரையும் அதே அத்தியாயத்தில் போட்டிருந்தேன், அது ஊரறிந்த பெயர்தானே என்று. பல்கலைக்கழக நூலகம் புத்தகத்தை இணையத்தில் ஏற்றியபோது மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் யாருக்கும் பட்டியலும் வேண்டாம், அரக்கும் வேண்டாம்.

மெரிஹான் இதை ஓர் அத்தியாயமாகவே எழுதி வைத்திருந்தாள். ஆய்வேட்டில் இருக்கட்டுமா எடுத்துவிடட்டுமா என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். "தலைப்புக்கு வெளியே போகுது, தேர்வாளர்கள் குழம்பிடுவாங்க, எடுத்துடு" என்றேன். எடுத்துவிட்டாள். வாய்மொழித் தேர்வு நாளில் அவள் வீட்டார் வழக்கம்போல் தட்டுத் தட்டாகத் திராட்சையிலைச் சுருளும் பழரசமும் கொண்டுவந்து தேர்வாளர்களுக்குப் பரிமாறினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். என் தட்டில் அவள் அம்மா அள்ளி அள்ளி வைத்தாள். சாப்பிட்டேன், ருசியாக இருந்தது. மறுவாரம் 'திருத்திய பதிப்பு வருகிறது' என்று காரணம் எழுதிக் கொடுத்து இணையத்திலிருந்து புத்தகத்தை எடுக்க வைத்தேன். வகுப்பில் அந்த உதாரணத்தை நிறுத்தினேன். நாற்பது பேரில் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் அல்லவா?

ஹாஸெம் வந்துபோன அன்றைக்குப் பருப்புச் சூப் வைத்துக் குடித்தேன். செவ்வாய்க்கிழமை இரண்டு வகுப்பு எடுத்தேன். என்ன உணர்ந்தாய் என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. கிள்ளினால் கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. புதன்கிழமை மத்தியானம், அந்த வலைப்பூ இந்நேரம் அழிந்திருக்கும் என்ற நப்பாசையில் வாக்கியத்தைப் போட்டுத் தேடினேன். அழியவில்லை. முதல் இடத்தில் இருந்தது. படத்தில் ஹாஸெம் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தார். அவர் தோளில் ஒரு கை கிடந்தது. கைக்குச் சொந்தக்காரரைப் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். இதை நான் சொல்லவில்லை என்றால் யாரும் சொல்லப் போவதில்லை, வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணுக்கு இல்லை என்ற பதில் போய்விடும். வியாழக்கிழமை வகுப்பை ரத்துசெய்துவிட்டு தந்தாவுக்கு வேன் ஏறினேன்.

கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நலம் விசாரிப்பார், தேநீர் சொல்வார், நான் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

"உங்க போனை எடுங்க ஹாஸெம். 'காலாவதியான மாத்திரையும்'னு ஆரம்பிக்குமே, அந்த வாக்கியம். அதை அப்படியே தேடல் பெட்டியில அடிங்க."

"எதுக்கு?"

"அடிங்க. என் புத்தகத்துல அதை அச்சு அசலா போட்டிருக்கேன்."

ஒற்றை விரலால் மெதுவாக அடித்தார். வந்ததைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். புத்தகம், பக்கத்தின் பெயர், நூலகம், மெரிஹான், நான் எடுக்கச் சொன்ன அத்தியாயம், எல்லாம். லுத்ஃபி பேட்டி கொடுக்கவில்லை, அதனால் அவர் புத்தகத்தில் இல்லை, அதனால்தான் அவரை யாரும் தொடவில்லை என்றும் சொன்னேன். திங்கட்கிழமையே எனக்கு இது தெரியும் என்பதையும் சொன்னேன். என் குரல் வகுப்பில் பாடம் நடத்தும் அதே குரலாக இருந்தது. அதற்காக எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது.

நடுவில் ஓர் அம்மாள் பேரனுக்கு இருமல் மருந்து கேட்டு வந்தாள். ஹாஸெம் எடுத்துக் கொடுத்தார். மூன்று வேளை, சாப்பாட்டுக்கு அப்புறம், அரைக் கரண்டிக்கு மேல் போகக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அட்டைப்பெட்டியைத் திருப்பித் தேதி பார்க்கவும் மறக்கவில்லை.

அவள் போனதும் போனை என் பக்கம் நீட்டினார். படத்தில் தோள்மேல் கிடந்த கையைக் காட்டினார்.

"இந்தக் கடிகாரம் நான் வாங்கிக் கொடுத்தது. லுத்ஃபி கை இது" என்றார்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், ஒன்று என்று எண் போட்டுவிட்டு நிற்கலாம். அவர் திட்டவில்லை.

"அவன் செத்தப்ப நான் போகல டாக்டரம்மா. ஜனாஸாவைத் தூக்கிக்கிட்டு இந்த வழியாத்தான் வந்தாங்க. ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன். கடை வாசல்ல கொஞ்ச நேரம் இறக்கி வச்சாங்க. நான் வெளிய வருவேன்னு நெனச்சாங்க போல. ஷட்டருக்கு அந்தப் பக்கம் கால்கள் தெரிஞ்சுது. அப்புறம் தூக்கிட்டுப் போயிட்டாங்க."

 மேசையில் இருந்த மாத்திரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கலைத்துவிட்டு மறுபடியும் அடுக்கினார். பிறகு ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, "வாங்க" என்றார்.

இரண்டு தெருதான். நடந்தே போனோம். வழியில் வறுத்த கடலைக்காரன் ஹாஸெமுக்கு வணக்கம் சொன்னான், இவர் நிற்காமல் நடந்தார். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது லுத்ஃபியின் மனைவி அபீர். மெலிந்த பெண், கண்ணாடி போட்டிருந்தாள், அவளும் பள்ளிக்கூட ஆசிரியைதான். கதவுக்கு வெளியே ஹாஸெம் நிற்பதைப் பார்த்தும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சுவரில் லுத்ஃபியின் படம் இருந்தது. அந்த மனிதரின் முகத்தை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

மூன்று கோப்பையில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் வைத்தேன், சர்க்கரை இல்லை. துக்க வீட்டுக் காப்பி. இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அதுதான். ஹாஸெம் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டார், அப்படியே வைத்திருந்தார்.

"அவன் இல்ல அபீர். அவன் காட்டிக் கொடுக்கல. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்" என்றார்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள் அபீர்.

எழுந்து போய் உள்ளறையிலிருந்து என் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். 143ஆம் பக்கத்தில் ரயில் சீட்டு ஒன்று செருகியிருந்தது. வாக்கியத்தின் அடியில் பென்சில் கோடு. கணக்கு வாத்தியார் கோடு, அளவுகோல் வைத்துப் போட்டது. ஹாஸெமைப் பிடித்துப் போன மறுமாசமே லுத்ஃபி புத்தகத்தை வாங்கி, வரி வரியாகத் தேடல் பெட்டியில் போட்டு, ஒன்பது நாளில் கண்டுபிடித்திருக்கிறார்.

ஹாஸெம் புத்தகத்தைத் தொடவில்லை. "தெரிஞ்சும் ஏன் என்கிட்ட சொல்லல? அவன் எதிர்ல வந்தப்பல்லாம் காறித் துப்பினேனே" என்றார்.

"நானும் கேட்டேன். தலையைத் தலையை ஆட்டினாரு." அபீர் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "'பேட்டி கொடுக்காதேன்னு நான் சொன்னேன், அவன் கேக்கல. இப்பப் போய்ப் புத்தகத்தாலதான் மாட்டினேன்னு தெரிஞ்சா, தன்னாலதான் எல்லாம் போச்சுன்னு உள்ள கெடந்து செத்துருவான். கோவப்பட அவனுக்கு ஒரு ஆள் வேணும், அது நானா இருந்துட்டுப் போறேன்'னாரு. நீங்க வெளிய வந்தப்புறம் சொல்லலாம்னு தெனமும் உங்க கடை வரைக்கும் வருவாரு. முகத்தைப் பார்த்ததும், இன்னும் தெம்பு வரல, அடுத்த மாசம் சொல்றேன்னு திரும்பி வந்துடுவாரு. அப்படியே போயிட்டாரு."

ஹாஸெம் காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.  முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். அபீர் ஜன்னலை மூடிவிட்டு வந்தாள், தெருவில் யாருக்கும் கேட்க வேண்டாம் என்று.

பிறகு அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு, "நாளைக்கு மஃரிப் தொழுகைக்கு அப்புறம் பையனைக் கூட்டிக்கிட்டு வா. ஃபாத்திஹா ஓதி நிச்சயம் பண்ணிடலாம்" என்றார். அபீர் சரி என்றாள். 

எனக்கு அங்கே இனி வேலை இல்லை. எழுந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியத்தை மனசுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் அபீர் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விருந்தாளியைச் சும்மா அனுப்பக் கூடாது என்று ஏதோ பேச்சுக் கொடுப்பதுபோல்தான் பார்த்தாள்.

"உங்களுக்கும் எழுதினாரு டாக்டரம்மா. பேரு போடாம. மத்த முப்பத்தொம்பது பேரையாவது காப்பாத்திடலாம், அந்தம்மாகிட்டச் சொன்னா உடனே புத்தகத்தை எடுத்துடுவாங்கன்னு. ஒரு மாசம் போனைக் கையிலயே வச்சிருந்தாரு. பதில் வரல. 'படிச்சிருக்க மாட்டாங்க பாவம், எத்தனை பேர் எழுதுறாங்களோ, எதைன்னு படிப்பாங்க'ன்னு சொன்னாரு."

சுவரில் லுத்ஃபி இருந்தார். ஹாஸெம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் என்று லுத்ஃபி சொன்னதையே நானும் வைத்துக்கொள்ளலாம். இல்லை, வரவே இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், இருவரும் நம்பிவிடுவார்கள்.

"படிச்சேன்" என்றேன். "படிச்சுட்டு வகுப்புல சொல்லிச் சிரிச்சேன்."

 என் கோப்பையில் பாதிக் காப்பி அப்படியே இருந்தது. அபீர் அதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். நான் மறுபடியும் உட்கார்ந்து, அடியில் இருந்த மண்டி வரைக்கும் குடித்தேன்.